மஞ்சப்பைக் கணக்கு

அப்பாவின் மெடிக்கல் ஷாப்பில் மதியம் மூன்று மணிக்குக் கூட்டமிருக்காது. காலை ஓபி சீட்டுகள் வந்து போயிருக்கும், மாலை கிளினிக்குகள் திறந்திருக்காது. அந்த நேரம் பார்த்துத்தான் ரெப்புகள் வருவார்கள். முழுக்கைச் சட்டை, டை, தோளை ஒரு பக்கமாக இழுக்கும் கனத்த பை. எனக்கு அப்போது பதினைந்து வயதிருக்கும். கல்லாவுக்குப் பின்னால் ஸ்டூலில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருப்பேன்.

"அண்ணாச்சி, நம்ம ஐட்டம் எப்படிப் போகுது?"

"ஓடுது, ஓடுது."

"பஸ் ஸ்டாண்ட் டாக்டர் எழுதுறாரா? வாரத்துக்கு எத்தன ஸ்ட்ரிப் வரும்?"

அப்பா கொஞ்சம் யோசித்து ஓர் எண் சொல்வார். "பதினஞ்சு இருக்கும். உங்க போட்டிக் கம்பெனிது முப்பது போகுதே." ரெப்பின் முகம் வாடும். சின்ன டைரியில் குறித்துக்கொள்வார். போகும்போது எனக்கு ஒரு பேனா கொடுப்பார்.

அந்தத் தொழிலில் இதற்கு ஆர்.சி.பி.ஏ. என்று பெயர். ரீடெய்ல் கெமிஸ்ட் பிரிஸ்கிரிப்ஷன் ஆடிட். டாக்டர் ரெப்பிடம் "ஒங்க மருந்துதான்ப்பா எழுதுறேன்" என்று சொல்லிவிடலாம். சொன்னது உண்மையா என்பதை மருந்துக்கடைக் கல்லாதான் சொல்லும். ஒரு டாக்டர் எந்த மருந்தை எவ்வளவு எழுதுகிறார் என்று அளக்கும் வேலையை நான் முதன்முதலில் பார்த்தது அங்கேதான். எங்கள் ஊர் டாக்டர்களை அளந்த ஒரே ஆளும் அந்த ரெப்தான். அரசாங்கம் அளக்கவில்லை, மருத்துவக் கவுன்சில் அளக்கவில்லை, நோயாளி அளக்கவில்லை. அந்த டைரியில் நோயாளி என்றொருவர் இல்லவும் இல்லை. பதினைந்து ஸ்ட்ரிப் யார் வயிற்றுக்குள் போனது, போனபின் காய்ச்சல் விட்டதா என்ற கேள்விக்கு அதில் கட்டமே கிடையாது.

அப்பா செய்தது தப்பு என்று அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை. அவருக்கும் தோன்றியிருக்காது. கேட்டார்கள், சொன்னார்.

*

பின்னால் நான் ஃபார்ம்.டி. படித்தேன். ஐந்தாம் வருடப் பிராஜெக்டுக்கு என்ன எடுக்கலாம் என்று கைடு கேட்டபோது யோசிக்காமல் சொன்னேன்: பிரிஸ்கிரிப்ஷன் ஆடிட். ரெப்பின் டைரிக்கு நான் எழுதும் பதில் என்று மனதுக்குள் ஒரு பெருமை. அவர் விற்க அளந்தார், நான் திருத்த அளக்கப்போகிறேன்.

இதற்கென்று ஒரு முறை இருக்கிறது. 1993இல் உலக சுகாதார நிறுவனம், மருந்துகளைச் சரியாகப் பயன்படுத்துவதற்கான சர்வதேச வலையமைப்போடு சேர்ந்து ஒரு கையேடு வெளியிட்டது. சோதனைக்கூடம் வேண்டாம், கம்ப்யூட்டர்கூட வேண்டாம். ஒரு நோட்டும் பேனாவும் போதும். ஒரு நோயாளி ஒருமுறை டாக்டரைப் பார்க்கும்போது சராசரியாக எத்தனை மருந்து எழுதப்படுகிறது? அவற்றில் எத்தனை சதவீதம் பொதுப்பெயரில் எழுதப்பட்டவை? எத்தனை சதவீதச் சந்திப்புகளில் ஆன்டிபயாடிக்? எத்தனையில் ஊசி? எழுதிய மருந்துகளில் எத்தனை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருப்பவை? ஏழை நாடுகளில் மூலைக்கு மூலை ஊசி போடப்பட்ட காலத்தில், எந்தக் கிராமத்து ஆஸ்பத்திரியிலும் செய்யக்கூடிய மாதிரி யோசித்து வடிவமைத்த ஐந்து கேள்விகள். இன்றைக்கும் அவற்றின் எளிமைமேல் எனக்கு மரியாதை உண்டு.

தென்மாவட்டத்தில் ஓர் அரசு ஆஸ்பத்திரி. அறுநூறு ஓபி சீட்டுகள். டாக்டர்களின் பெயரைப் போடக்கூடாது என்பதால் டி-1, டி-2 என்று குறியீடு கொடுத்தேன். எக்செல்லில் பட்டை வரைபடம் போட்டபோது ஒரு பட்டை மட்டும் மற்றதையெல்லாம்விட உயர்ந்து நின்றது. டி-3.

டி-3 யாரென்று எனக்குத் தெரியும். மெடிசின் ஓபியில் உட்காரும் டாக்டரம்மா. அவரிடம் வருபவர்களில் பாதிப் பேருக்கு அறுபது தாண்டியிருக்கும். சுகர், பிரஷர், மூட்டுவலி, தூக்கமின்மை என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்வார்கள். அவரும் எல்லாவற்றுக்கும் ஒரே சீட்டில் எழுதுவார்.

மீட்டிங்கில் வரைபடத்தைத் திரையில் காட்டினேன். "யாருப்பா அந்த டி-3?" என்று தலைமை மருத்துவர் கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். டாக்டரம்மா கையைத் தூக்கினார். "நான்தான் சார்." அவரும் சிரித்தார்.

சில மாதங்கள் கழித்து இரண்டாம் சுற்று எடுத்தோம். ஊசிகள் குறைந்திருந்தன. டி-1 சாதாரணச் சளிக்கு ஆன்டிபயாடிக் எழுதுவதைக் கண்கூடாகக் குறைத்திருந்தார். இது உண்மையான நல்லது, இதை நான் மறுக்கமாட்டேன். எத்தனையோ குழந்தைகளுக்கு வீண் குத்து மிச்சம். டி-3இன் பட்டையும் சரிந்து மற்றவர்களின் உயரத்துக்கு வந்திருந்தது. கைடுக்கு வாட்ஸ்அப்பில் அந்தப் படத்தை அனுப்பினேன். கட்டைவிரல் வந்தது.

*

அந்த வாரமே மருந்து கொடுக்கும் ஜன்னலில் ஒரு பாட்டி என்னைப் பிடித்துக்கொண்டார்.

"தாயி, முன்னாடியெல்லாம் ஒரே சீட்டுல எல்லா மாத்திரையும் குடுப்பாக. இப்ப மூட்டுக்கு வேற ஓபி, வேற நாளுன்னு சொல்லிட்டாக. பஸ்ஸுக்குக் காசு இல்ல, சரி. நூறு நாள் வேலை ஒருநா போச்சே, அத யாரு குடுப்பா?"

சீட்டுகளைக் கேட்டேன். மஞ்சப்பையிலிருந்து எடுத்து நீட்டினார். இரண்டு தேதி, இரண்டு ஓபி, இரண்டு கையெழுத்து. பழைய சீட்டும் மடித்து உள்ளேயே இருந்தது.

பழைய சீட்டில் ஐந்து மருந்துகள். சுகருக்கு மெட்ஃபார்மின், பிரஷருக்கு எனாலாப்ரில், கொழுப்புக்கு அட்டார்வஸ்டாட்டின், மூட்டுவலிக்கு பாராசிட்டமால், ஒரு கால்சியம். புதிய சீட்டுகளில் ஒன்றில் முதல் மூன்று. எலும்பு ஓபி சீட்டில் டைக்ளோஃபெனாக், அது வயிற்றைப் புண்ணாக்காமலிருக்க ஒமிப்ரசோல், கால்சியம்.

கூட்டிப் பாருங்கள். ஒரு சீட்டுக்கு ஐந்து என்றிருந்தது சீட்டுக்கு மூன்று ஆகிவிட்டது. என் வரைபடத்தில் பட்டை இறங்கியதற்கு அதுதான் காரணம். பாட்டியின் வயிற்றுக்குள் போனது ஐந்திலிருந்து ஆறாக ஏறியிருந்தது.

எண்ணிக்கையைவிட மோசமானது வேறொன்று. டாக்டரம்மா வெறும் பாராசிட்டமால் எழுதியதற்குக் காரணம் இருந்தது. அவர் முன்னால் சுகரும் பிரஷரும் மூட்டும் ஒரே உடம்பாக உட்கார்ந்திருந்தன. பிரஷருக்கு எனாலாப்ரில் சாப்பிடும் வயதான ஒருவருக்கு டைக்ளோஃபெனாக்கைத் தொடர்ந்து கொடுத்தால் சிறுநீரகம் அடிவாங்கலாம், உடம்பில் நீர் கோக்கலாம், பிரஷர் ஏறலாம். எலும்பு டாக்டர் முன்னால் வந்தது மூட்டு மட்டும்தான். காலை எட்டு மணியிலிருந்து வரிசையில் நின்ற பாட்டி, சுகர் சீட்டைக் காட்ட வேண்டுமென்று எப்படி நினைப்பார்? அங்கே மூட்டு, இங்கே சுகர் என்று பிரித்துச் சொன்னதே நாங்கள்தானே.

குனிந்து பார்த்தேன். கணுக்கால் இரண்டும் வீங்கியிருந்தன. டைக்ளோஃபெனாக்கால்தான் என்று சத்தியம் செய்ய முடியாது. ஆனாலும் பாட்டியை உட்கார வைத்துவிட்டுச் சீட்டுகளோடு டாக்டரம்மாவிடம் ஓடினேன். பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் டைக்ளோஃபெனாக்கை அடித்துவிட்டு மறுபடி பாராசிட்டமால் எழுதினார். சிறுநீரகத்துக்கு ஒரு ரத்தப் பரிசோதனையும் எழுதினார். பிறகு நிமிர்ந்து பார்த்தார்.

"நீ சீட்டத்தானம்மா எண்ணுன? நானும் சீட்டக் கொறச்சேன்."

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

இப்போது நான் சொல்லவேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். அந்தப் பாட்டியை நான் ரிப்போர்ட்டில் எழுதவில்லை. ஒரேயொரு ஆள், ஆய்வில் ஒருவரை வைத்து முடிவுக்கு வரக்கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். டி-3இன் மற்ற நோயாளிகளிடம் இதே கேள்வியைக் கேட்டுப் பார்த்திருக்கலாம், ஒரு வாரம் போதும். கேட்கவில்லை. கேட்டால் என்ன கிடைக்கும் என்று உள்ளுக்குள் தெரிந்திருந்தது. 'தலையீட்டுக்குப்பின் சராசரி குறைந்தது' என்று முடிவுரை எழுதினேன். அந்த வாக்கியத்தில் ஒரு பொய்கூட இல்லை. நல்ல மார்க் வந்தது.

*

பிறகு படிக்கப் படிக்க, இது என்னோடு முடிகிற கதை இல்லை என்று தெரிந்தது. எங்கள் கடைக்கு வந்த ரெப்பின் டைரி ஒரு நாட்டின் அளவுக்கு வளர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்கா உதாரணம். அங்கே ஐ.எம்.எஸ். ஹெல்த் போன்ற நிறுவனங்கள் மருந்துக்கடைகளிடமிருந்து பிரிஸ்கிரிப்ஷன் விவரங்களை விலைக்கு வாங்கி, எந்த டாக்டர் எதை எவ்வளவு எழுதுகிறார் என்று தொகுத்து மருந்துக் கம்பெனிகளுக்கு விற்றன. 1996இல் ஆக்ஸிகான்டின் வலிநிவாரணியைச் சந்தைக்குக் கொண்டுவந்த பர்டூ ஃபார்மா, ஏற்கெனவே ஓபியாய்டு அதிகம் எழுதும் டாக்டர்களை இத்தகைய கணக்கை வைத்தே கண்டுபிடித்து ரெப்புகளை அனுப்பியது. இந்த விற்பனையைக் கட்டுப்படுத்த வெர்மான்ட் மாநிலம் கொண்டுவந்த சட்டத்தை, பேச்சுச் சுதந்திரத்துக்கு எதிரானது என்று 2011இல் அமெரிக்க உச்சநீதிமன்றம் ரத்து செய்தது. அடுத்த வருடம், 2012இல், அந்நாட்டில் ஓபியாய்டு பிரிஸ்கிரிப்ஷன்கள் உச்சத்தைத் தொட்டன: ஒரே வருடத்தில் 25 கோடிக்கும் மேல்.

பிணங்கள் விழுந்தபின் அரசு அளக்க ஆரம்பித்தது. 2016இல் அந்நாட்டு நோய்க்கட்டுப்பாட்டு மையம் வெளியிட்ட வழிகாட்டுதல், நாளொன்றுக்கு 90 மில்லிகிராம் மார்ஃபினுக்குச் சமமான அளவுக்குமேல் போவதைத் தவிர்க்கச் சொன்னது. டாக்டர்களுக்கான ஆலோசனை அது. இன்சூரன்ஸ் கம்பெனிகளும் மாநில அரசுகளும் அதை வேலியாக்கின. வருடக்கணக்கில் அந்த மருந்தில் இருந்தவர்களுக்குத் திடீரென்று அளவு வெட்டப்பட்டது. வலி திரும்பியது, சிலர் தற்கொலைவரை போனார்கள். எங்கள் வழிகாட்டுதலைத் தப்பாகப் பயன்படுத்துகிறீர்கள் என்று 2019இல் அதை எழுதியவர்களே சொல்லவேண்டி வந்தது. 2022இல் வந்த திருத்தத்தில் பரிந்துரை வாக்கியங்களிலிருந்து அந்த எண் போய்விட்டது. விற்க அளந்தபோதும் ஆள் காணாமல் போனார், காப்பாற்ற அளந்தபோதும் ஆள் காணாமல் போனார்.

அளவுகோலும் நாம் நினைக்கிற மாதிரி மலையில் செதுக்கியது இல்லை. நாடுகளின் மருந்துப் பயன்பாட்டை ஒப்பிட 'டிடிடி' என்றொரு அலகு உண்டு. பெரியவர் ஒருவருக்கு, அந்த மருந்தின் முக்கியமான நோய்க்கு, ஒருநாளைக்குச் சராசரியாக இவ்வளவு தேவைப்படும் என்று வைத்துக்கொள்ளும் ஓர் அனுமானம். ஆஸ்லோவில் உள்ள உலக சுகாதார நிறுவனத்தின் மையம் இதைப் பராமரிக்கிறது. அமாக்சிசிலினுக்கு அது ஒரு கிராமாக இருந்தது. 2019இல் ஒன்றரை கிராமாக மாற்றினார்கள். மாற்றத்துக்கு நியாயமான காரணம் உண்டு, டாக்டர்கள் உண்மையில் எழுதும் அளவு கூடியிருந்தது. ஆனால் யோசித்துப் பாருங்கள்: ஒரு மாத்திரைகூடக் குறையாமல், கணக்கில் மட்டும் மூன்றில் ஒரு பங்கு காணாமல் போகும்.

1993 கையேட்டின் விதிப்படி, இரண்டு மூன்று மருந்துகளை ஒன்றாக அடைத்த கூட்டு மாத்திரையும் ஒரே மருந்து என்றுதான் எண்ணப்படும். இந்தியா மாதிரி கூட்டு மாத்திரைகளின் காட்டில் இந்த விதி என்ன செய்யும்? 2016 மார்ச்சில் மத்திய அரசு ஒரே நாளில் 344 கூட்டு மருந்துகளைத் தடைசெய்தது. மூன்று மருந்தைத் தனித்தனியாக எழுதிய டாக்டர் என் வரைபடத்தில் குற்றவாளி. அதே மூன்றையும் கலந்தடித்த ஒரு மாத்திரையை எழுதியவர் சிக்கனக்காரர்.

இந்தியாவின் தனியார் துறை ஆன்டிபயாடிக் பயன்பாடு பற்றி ஓர் ஆய்வு 2022இல் வந்தது. 2019இல் ஆயிரம் பேருக்கு நாளொன்றுக்கு 10.4 டிடிடி. பல பணக்கார நாடுகளைவிட இது குறைவு. பெருமைப்பட்டுக்கொள்ளலாமா? அதே ஆய்வு, விற்றதில் பெரும்பங்கு பரந்த வீச்சுள்ள ஆன்டிபயாடிக்குகள் என்றும், ஏறக்குறைய பாதி மத்திய மருந்துக் கட்டுப்பாட்டாளரின் ஒப்புதல் பெறாத தயாரிப்புகள் என்றும் சொல்கிறது. சராசரி என்பது, தேவையில்லாமல் மூன்றுமுறை அசித்ரோமைசின் வாங்கிய என் சித்தப்பாவையும், நிமோனியாவுக்கு அமாக்சிசிலின்கூடக் கிடைக்காத எங்கோ ஒரு குழந்தையையும் கூட்டி இரண்டால் வகுப்பது. இருவருக்குமே அநியாயம் நடந்திருக்கிறது. வகுத்தபின் வருவது நியாயம் மாதிரி தெரிகிறது.

குறைந்த எண் நல்ல எண் என்பதே ஒரு பழக்கம்தான். எனக்கு அது உடைந்தது எங்கள் தெருவில் வாய்ப்புற்றுநோயோடு கிடந்த ஒரு மாமாவால். கடைசி ஒரு மாதம் இரவுகளில் அவர் கத்துவது நான்கு வீடு தள்ளிக் கேட்கும். அப்பா போர்வையை இழுத்து மூடிக்கொள்வார். 1985ஆம் வருடப் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் வந்தபின், லைசென்ஸ் கெடுபிடிக்குப் பயந்து இந்தியாவில் மருத்துவத்துக்கான மார்ஃபின் பயன்பாடு அடியோடு சரிந்தது. 2014இல்தான் சட்டத்தைத் தளர்த்தித் திருத்தினார்கள். எங்கள் ஊர்க் கடைகள் எதிலும் மார்ஃபின் இருந்ததில்லை. எங்கள் ஊரின் ஓபியாய்டு வரைபடம் அப்பழுக்கில்லாத பூஜ்ஜியம்.

*

அப்படியென்றால் எண்ணுவதே தப்பா? டாக்டர்களில் சிலர் அப்படித்தான் சொல்கிறார்கள். ஒவ்வொரு நோயாளியும் தனி, எங்கள் முடிவை எண்ணால் அளக்காதீர்கள் என்று. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த வாதத்தின் நிழலில்தான் எங்கள் ஊர் ரெப்பின் டைரி வளர்ந்தது. நாம் எண்ணாமல் விட்டால் எண்ணுபவர்கள் இல்லாமல் போய்விடமாட்டார்கள், விற்பவர்கள் மட்டும் எண்ணிக்கொண்டிருப்பார்கள். யாரும் எண்ணியிருக்காவிட்டால் டி-1 இன்னும் சளிக்கு ஆன்டிபயாடிக் எழுதிக்கொண்டிருப்பார், அதில் கெட்டுப்போவது அந்தக் குழந்தையின் குடல் மட்டுமில்லை, ஊர் முழுக்க மருந்துக்கு மசியாத கிருமி.

ஆக எண்ணத்தான் வேண்டும். யாரிடம் கணக்கை ஒப்படைக்கிறோம் என்பதுதான் கேள்வி. ரெப்பின் டைரி அவருடைய மேனேஜருக்குப் போனது. என் எக்செல் என் கைடுக்கும் தலைமை மருத்துவருக்கும் போனது. இரண்டு கணக்கிலும் பாட்டிக்குப் பதில் சொல்லவேண்டிய கட்டாயம் யாருக்கும் இருக்கவில்லை. நோக்கம் வேறு வேறு என்பதால் நான் ரெப்பைவிட மேல் என்று நினைத்திருந்தேன். நோக்கம் பாட்டிக்குத் தெரியாது. அவருக்குத் தெரிந்ததெல்லாம் ஒருநாள் கூலி போனதும் கால் வீங்கியதும்தான்.

திருக்குறளில் 'மருந்து' அதிகாரத்தின் கடைசிக் குறள் மருத்துவத்தை நான்கு கூறாகப் பிரிக்கிறது: நோயாளி, மருத்துவர், மருந்து, கூட இருந்து பார்த்துக்கொள்பவர். பள்ளியில் மனப்பாடம் செய்தது. பிராஜெக்ட் முடிந்து ரொம்ப நாள் கழித்துத்தான் உறைத்தது, என் எக்செல்லில் இருந்தவை நடுவிலுள்ள இரண்டு கூறுகள் மட்டும். டாக்டருக்கு ஒரு பத்தி, மருந்துக்கு ஒரு பத்தி. முதல் ஆளும் கடைசி ஆளும் இல்லை. கடைசி ஆள் யாரென்று யோசித்தால் இன்னும் சங்கடம். ஜன்னலுக்குப் பின்னால் மாத்திரை எடுத்துக் கொடுக்கும் இடத்தில் நின்றது நான்தான். என்னை நானே கணக்கில் சேர்த்துக்கொள்ளவில்லை.

தமிழில் எண்ணுவது என்றால் கணக்குப் போடுவது, நினைப்பது, இரண்டும்தான். பாட்டியின் விஷயத்தில் நான் முதலாவதை மட்டும் செய்தேன்.

இப்போது வேறொரு ஊரில் ஃபார்மசிஸ்டாக இருக்கிறேன். சனிக்கிழமை மதியங்களில், கூட்டம் குறைந்தபின், வயதானவர்களிடம் ஒன்று சொல்லிவைத்திருக்கிறேன்: "வீட்ல என்னென்ன மாத்திரை இருக்கோ எல்லாத்தையும் அள்ளிப் போட்டுக் கொண்டாங்க." கொண்டுவருவார்கள். மஞ்சப்பையைக் கவிழ்த்தால் மேசை நிறையும். கவர்மென்ட் ஆஸ்பத்திரி மாத்திரை, பிரைவேட் மாத்திரை, மருமகன் வெளிநாட்டிலிருந்து அனுப்பியது, பக்கத்து வீட்டம்மா கொடுத்தது. ஒரே மருந்து இரண்டு பெயரில் இருக்கும். காலாவதியானது இருக்கும். தொடப்படாமலே முழு அட்டை இருக்கும், ஏன் என்று கேட்டால் "அது போட்டா தலை சுத்துது தம்பதிப் பொண்ணே, டாக்டர்ட்ட சொன்னா திட்டுவாரு" என்று பதில் வரும். எந்த ஆடிட்டிலும் 'எழுதப்பட்டது' என்று ஏறிய மாத்திரை அது.

ஒவ்வொன்றாக எடுத்து, அவர்களோடு சேர்ந்து எண்ணுகிறேன். எதற்கு, யார் கொடுத்தது, சாப்பிடுகிறீர்களா. முடிவில் ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, எந்த டாக்டரிடம் போனாலும் முதலில் இதைக் காட்டுங்கள் என்கிறேன். சில நேரம் கணக்கு குறையும். போன மாதம் ஒருவருக்குக் கூடியது, நிறுத்தக்கூடாத பிரஷர் மாத்திரையை அவராகவே நிறுத்தியிருந்தார். ஓர் ஆளுக்கு இருபது நிமிடம் ஆகிறது. நாளைக்கு முந்நூறு ஓபி பார்க்கும் இடத்தில் இது நடக்கிற காரியமா என்று கேட்டால், நடக்காது. அதனால் அந்த ஐந்து கேள்விகளை நான் தூக்கிப்போடவில்லை. அறுநூறு சீட்டு எண்ணுகிற இடத்தில், அறுபது பையையாவது கவிழ்த்துப் பார்க்கச் சொல்லி, இப்போது வரும் ஜூனியர் பிள்ளைகளிடம் சொல்கிறேன். வரைபடத்தில் பட்டை இறங்கினால் சந்தோஷப்படுவதற்கு முன்னால் அந்த மேசைக்கு வாருங்கள் என்கிறேன்.

அந்தப் பாட்டியை அதற்குப்பின் நான் பார்க்கவில்லை. ரத்தப் பரிசோதனை முடிவு என்ன வந்தது என்பதையும் போய்க் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.